உடும்பு என்ன பாவம் செய்தது

"பாம்புக்கு ஏன் தாயி நாக்கு ரெண்டா இருக்கு?"

வந்து கும்பிட்டு நின்ற சிவனைந்தபெருமாள் முதலில் கேட்டது இதைத்தான்.

வகுளம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆற்றங்கரைத் தோட்டத்தில் குந்தியிருந்து சிறுகிழங்கு பறித்துக்கொண்டிருந்தாள். தை மாதத்துக் காலை வெயில். கை முழுக்க ஈர மண்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். காவி கட்டியவள் இல்லை. விபூதி கொடுப்பவளும் இல்லை. ஓர் ஓலைக் குடிசை, அரை ஏக்கர் கிழங்குத் தோட்டம், அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. மனசு குழம்பியவர்கள் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வந்தார்கள். கேட்டதற்கு அவள் நேராகப் பதில் சொன்னதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் திரும்பிப் போகும்போது முகம் தெளிந்து போனார்கள்.

சிவனைந்தபெருமாளுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணத் தரகர். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவள் முன்னால் கை கட்டி நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு எந்தப் பழக்கத்தையும் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

"ஊர்ல என்ன சொல்லுதாங்க, அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"அமுதத்துக்கு ஆசைப்பட்டு நாகம் தர்ப்பைப் புல்லை நக்குச்சாம். புல்லு அறுத்து நாக்கு ரெண்டாப் போச்சாம். ஆசைக்குக் கிடைச்ச தண்டனைன்னு சொல்லுதாங்க."

"சரி. நாகம் புல்லை நக்குச்சு. உடும்பு என்ன பாவம் செஞ்சுது?"

அவர் விழித்தார். உடும்புக்கும் நாக்குப் பிளந்திருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

"பல்லி என்ன புண்ணியம் செஞ்சுது? அதுக்கு நாக்கு ஒண்ணுதானே."

அவர் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் முத்தாலங்கரை. அந்தக் கரையில் பெரியகுறிச்சி. முத்தாலங்கரைப் பெண் பூரணவல்லிக்கும் பெரியகுறிச்சிப் பையன் அழகநம்பிக்கும் அவர்தான் சம்பந்தம் பேசினார்.

பூரணவல்லிக்கு வெண்கலக் குரல். அவள் சிரித்தால் அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அழகநம்பிக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தை சொல்ல மூன்று முறை மூச்சு வாங்குவான். அதனால் வாயைத் திறப்பதே அபூர்வம்.

தரகர் இரண்டையும் அறிந்தவர். அறிந்ததை அப்படியே சொல்கிற வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. பையன் வீட்டில், பெண் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்றார். பெண் வீட்டில், பையன் ரொம்ப நிதானம், அளந்துதான் பேசுவான் என்றார். இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டு முற்றத்தில் நடந்தது. பந்தல் நிறைய ஆட்கள். அழகநம்பியை வாசற்படிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா மரியாதைக்காக, மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசட்டும் என்றார். அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கை மேலே எழும்பியது. அப்போதும் வரவில்லை.

சரியாக அந்த நேரத்தில், அவனுக்குப் பின்னால் வாசலில் நின்ற பூரணவல்லி சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. பந்தல் கால் அதிரச் சிரித்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. திக்குவாயை மறைத்துவிட்டான் தரகன் என்று பெண்ணின் அப்பா எழுந்தார். அடங்காத பெண்ணைத் தலையில் கட்டப் பார்த்தான் என்று பையனின் அப்பா எழுந்தார். ரெட்டை நாக்குக்காரன் என்று இவர் சொன்னார். ரெட்டை நாக்குக்காரன் என்று அவரும் சொன்னார். அன்றைக்கு இரண்டு வீட்டாரும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

"இனிமே எனக்குத் தொழிலும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் தாயி. உங்க காலடியில கெடக்குதேன். என் நாக்கை ஒண்ணாக்கிக் கொடுங்க."

வகுளம்மை அவரைப் பார்த்தாள். பிறகு பறித்த கிழங்கை ஒரு சாக்கில் கொட்டி அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைத் தரையில போட்டு உருட்டித் தேய்ங்க. தோல் தன்னால போயிரும். சாயங்காலம் விளக்கு வச்சதும் பல்லியைப் பாருங்க."

அவர் தேய்த்தார். சாயங்காலம் பல்லியைப் பார்த்தார்.

குடிசைச் சுவரில் விளக்குக்குப் பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அசையவில்லை. இவரும் அசையவில்லை. ஒரு விட்டில் விளக்கைச் சுற்றி வந்து பல்லியின் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்தது. லபக் என்று ஒரு சத்தம். விட்டில் இல்லை. பிறகு பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டது. உருண்டையான, முழு நாக்கு.

மூன்று நாள் பார்த்தார். மூன்று நாளும் பல்லி அதே இடத்தில் இருந்தது. சாப்பாடு அதனிடம் வந்துகொண்டிருந்தது.

அவருக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. வேளைக்கு வேகவைத்த கிழங்கு. திட்ட ஆள் இல்லை. பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். அதை அவளிடம் சொல்லவும் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் வகுளம்மை ஒரு கருவாட்டை அவர் கையில் கொடுத்தாள். ஆற்று மணலில் அதை இழுத்துக்கொண்டே போகச் சொன்னாள். நேராக வேண்டாம், மனசுக்குத் தோன்றியபடி வளைந்து வளைந்து போங்கள், கடைசியில் எங்கேயாவது புதைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள்.

அவர் குஷியாகிவிட்டார். இடது பக்கம் ஒரு வளைவு. வலது பக்கம் பெரிதாக ஒரு வளைவு. ஒரு பாறையைச் சுற்றி முழுசாக ஒரு வட்டம். கோரைப் புல்லுக்கு அடியில் புதைத்து, மேலே மணலைத் தட்டி மூடினார். ஐம்பத்தாறு வயதில் இப்படி விளையாடியது யாராவது கண்ணில் பட்டிருக்குமோ என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு இறங்கியது. முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். கால்களை அகட்டி அகட்டி மணலுக்கு வந்தது. கருவாடு இழுபட்ட இடத்தில் நின்றது.

நாக்கை நீட்டியது. நீளமாக, நுனி இரண்டாகப் பிரிந்து, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். மணலைத் தொட்டது. உள்ளே இழுத்துக்கொண்டது. நடந்தது.

மறுபடி நாக்கு. மறுபடி நடை.

அவர் இடது பக்கம் வளைத்த இடத்தில் அதுவும் இடது பக்கம் வளைந்தது. வலது பக்கம் வளைத்த இடத்தில் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. நின்று, நாக்கை இரண்டு முறை நீட்டியது. தலையைத் திருப்பி, வந்த வழிக்குத் திரும்பியது.

சிவனைந்தபெருமாள் தன்னை மறந்து முன்னால் சாய்ந்தார்.

"தாயி, அதுக்கு ரெண்டு நுனியிலயும் வாசம் தெரியுது. எந்தப் பக்கம் வாசம் கூடுதலோ அந்தப் பக்கம் திரும்புது. ஒரு நுனியா இருந்தா வாசம் அடிக்குன்னு மட்டும் தெரியும். எந்தப் பக்கம்னு தெரியாது."



உடும்பு பாறையைச் சுற்றி அந்த முழு வட்டத்தையும் சுற்றியது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தல் கலைந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடும்பு கோரைப் புல்லுக்கு வந்து மணலை வாரி இறைத்தது. கருவாட்டைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

"உடும்பு என்ன பேசுச்சு, அண்ணாச்சி?"

"எங்க பேசுச்சு? ஒண்ணும் பேசலையே."

"அப்போ அவ்வளவு நேரம் அந்த நாக்கை வச்சு என்ன செஞ்சுது?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

வகுளம்மை எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை ஏன் சிரிச்சுதாம்?"

"திமிர்னு பையனோட அப்பா சொல்லுதாரு."

"பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு நான் கேட்டேன்."

அவர் துண்டின் நுனியைத் திருகினார்.

"பையன் என்ன சொல்ல வந்தானாம்?"

"அவன் பேரைச் சொல்ல வந்தான், அதுகூட முடியலைன்னு பெண்ணோட பெரியப்பா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிப்பதற்குள் அவள் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கு பறிக்க உட்கார்ந்துவிட்டாள்.

சிவனைந்தபெருமாள் கொஞ்ச நேரம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தச் சம்பந்தத்துக்காக அவர் ஆறு மாதம் நடந்திருக்கிறார். இரண்டு அப்பாக்களிடமும் பேசியிருக்கிறார். இரண்டு அம்மாக்களிடமும், மாமன்மார்களிடமும், சித்தப்பன்மார்களிடமும் பேசியிருக்கிறார். ஜாதகம் பார்த்தவரிடம்கூட மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

வரப்பில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே வந்தது. எலி போன தடத்தில் நாக்கை நீட்டி நீட்டிப் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் கல்லைத் தேடியிருப்பார். அன்றைக்கு ஒதுங்கி நின்று, அது போகும்வரை வழிவிட்டார்.

முத்தாலங்கரையில் பூரணவல்லியின் அப்பா வெளியே போயிருந்தார். அவள் அம்மா தரகரைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனாள். அவர் முற்றத்திலேயே நின்றார். உள்ளே வரவில்லை தாயி, சம்பந்தமும் பேச வரவில்லை, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். பெரியகுறிச்சியார் வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் பெண் பார்க்கப் போகிறார்களாம், இனி என்ன கேள்வி என்று அவள் அழுதாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

பூரணவல்லி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஏன் தாயி சிரிச்சே?"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இதை இதுவரைக்கும் யாரும் கேக்கலை மாமா. எப்படிச் சிரிக்கலாம்னுதான் கேட்டாங்க."

"நான் கேக்கேன். சொல்லு."

"ஆடு."

"என்னது?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அன்றைக்கு எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தெருவோரமாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் தாம்பாளத்தில் நிச்சயதார்த்த மாலையை வைத்திருந்தார்கள். ஓர் ஆடு முன்னங்காலைப் பெஞ்சில் தூக்கி வைத்து மாலையைத் தின்றது. தின்றதோடு விடவில்லை. மிச்ச மாலை அதன் கழுத்தில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சபையைப் பார்த்தது.

"அடக்கித்தான் பார்த்தேன் மாமா. முடியலை." சொல்லும்போதே அவள் உதடு துடித்தது. உடனே முகம் மாறிவிட்டது. "நான் அவரைப் பார்த்துச் சிரிச்சேன்னு நினைச்சிருப்பாரு. நினைக்காம எப்படி இருப்பாரு? அதை நினைச்சுத்தான் எனக்குச் சோறு இறங்கலை."

அன்றைக்கு மாலை காணாமல் போனது அவருக்கும் தெரியும். கோபத்தில் அவர்கள்தான் எடுத்துப் போனார்கள் என்று இவர்களும், இவர்கள்தான் பிடுங்கி எறிந்தார்கள் என்று அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆடு கதையைக் கையோடு கொண்டுபோய்ப் பையனிடம் சொல்லிவிடலாம் என்று அவருக்கு நாக்கு அரித்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதே எப்படிச் சொல்வது என்று நாலைந்து விதமாக ஜோடித்துவிட்டார். ஜோடித்த எல்லாம் நன்றாகவே இருந்தன.

அக்கரை ஏறியதும் அத்தனையையும் விட்டுவிட்டார்.

அழகநம்பி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியை வேகமாகப் போட்டான். சிவனைந்தபெருமாள் வரப்பில் உட்கார்ந்தார். அவன் அந்த வரிசையை முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததுதான் அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க, மாப்பிள்ளை?"

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். அவனுக்காக வீட்டில் எல்லாரும் பேசுவார்கள். அவன் தொடங்குவான், யாராவது முடித்து வைப்பார்கள். பெரும்பாலும் அவன் நினைக்காத ஒன்றாக அது இருக்கும். இப்போதும் இவர் முடித்துவைப்பார் என்று காத்திருந்தான்.

அவர் முடிக்கவில்லை.

அவன் மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கை மேலே எழும்பியது. அன்றைக்கு எழும்பிய அதே கை. அது தடுமாற்றத்தில் எழும்பிய கை இல்லை, எதையோ சுட்டிக்காட்டிய கை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

வாழை இலைகள் காற்றில் சலசலத்தன. ஒரு கொக்கு வந்து தண்ணீரில் இறங்கியது. இன்னும் வார்த்தை வரவில்லை. அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"ஆ... ஆ... ஆடு."

சிவனைந்தபெருமாள் வரப்பிலிருந்து சரிந்து வாழைப் பாத்தியில் விழுந்தார். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழகநம்பி பயந்துபோய் அவரைத் தூக்கி உட்கார வைத்தான்.

"மா... மாலையை அது தி... தின்னுச்சு. அதைச் சொல்லத்தான்." அவன் நிறுத்தினான். அவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று யோசித்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. "அ... அவளும் பாத்தாளா?"

நாலு நாளைக்கு முந்தைய தரகராக இருந்தால் இந்த இடத்தில் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

"அதை நீங்களே போய்க் கேட்டிருங்களேன்" என்றார்.

அழகநம்பி மண்வெட்டியை அங்கேயே போட்டான். கையைக்கூடக் கழுவவில்லை. ஆற்றை அவன் தாண்டிய வேகத்துக்குத் தரகரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அவர் மூச்சு வாங்க முத்தாலங்கரை முற்றத்துக்கு வந்தபோது பெண்ணின் அப்பா திரும்பி வந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டியோடு, சேறு அப்பிய காலோடு எதிரே நின்ற பையனைப் பார்த்து அவர் முறைத்தார். பிறகு தரகரைப் பார்த்து அதைவிட அதிகமாக முறைத்தார். என்னய்யா இது என்றார்.

சிவனைந்தபெருமாள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டு, பையன் பக்கம் கையைக் காட்டினார்.

சத்தம் கேட்டுப் பூரணவல்லி வாசலுக்கு வந்தாள். அவனைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கும் வார்த்தை வரவில்லை.

அழகநம்பி அவளைப் பார்த்தான். மூச்சை இழுத்தான். அப்பா இடையில் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவள் கண் அவன் முகத்தைவிட்டு அகலவில்லை. அவனுக்காக அவள் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவசரமும் படவில்லை. அவன் சொல்லும்வரை நின்றாள்.

"மா... மாலையை, ஆ... ஆடு தின்னதை நா... நானும் பாத்தேன்."



அப்பா மகளைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். தெருவோரம் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார்.

"உக்காருங்க, மாப்பிள்ளை" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா காபிக்குப் பால் வைக்கும் சத்தம் கேட்டது. அழகநம்பி உட்காரவில்லை. இன்னும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அது வெளியே வர நேரமானது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அது... யா... யாரு வீட்டு ஆடு?"

பூரணவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். காலால் தரையில் கோடு போட்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது.

"என்னுதுதான்" என்றாள்.

முதலில் சிரித்தது அழகநம்பி. அந்தச் சிரிப்பு திக்கவே இல்லை.

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.